கோயில் வேலை யாருடைய ஞாபகத்தில் இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. நம்ம கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, திரையோட வலது ஓரத்துல ஒரு சின்ன மஞ்சள் பெட்டி தெரியுதே, அது என்னன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. "சாமி காரியத்துக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்று இரண்டு பெரியவங்க நேராகவே கேட்டாங்க. கேட்டது நியாயம்தான். பதிலை எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பாட்டி தட்டோடு வந்தார். மறைந்த கணவரின் நினைவு நாளுக்காக ஐம்பது பேருக்கு அன்னதான உபயம். மூன்று மாதத்துக்கு முன்பே பணம் கட்டியாச்சு, ரசீதைக் கையிலேயே வச்சிருந்தார். மடப்பள்ளியில் அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. உபயத் தகவல் வாட்சாப் குழுவுக்குப் போயிருக்கு. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, சாமி படம் என்று வந்ததில் அது எங்கேயோ கீழே போயிடுச்சு. எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கிற கிராணி அக்கா அந்த வாரம் முட்டி ஆப்பரேஷனுக்காக லீவில் இருந்தார். அவசரமா கடையில் சொல்லி சாப்பாடு வரவழைச்சோம். வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆயிடுச்சு. அதுக்குள்ள பூஜைக்கு வந்தவங்க கலைஞ்சு போயிட்டாங்க. பாட்டி ஒரு வார்த்தை குறை சொல்லலை. "பரவாயில்லப்பா, அவருக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் அவரை நம்ம கோயிலில் நான் பார்க்கலை.

இதில் யாரைக் குத்தம் சொல்ல? அக்காவையா? இருபது வருஷமா இந்தக் கோயில் அவங்க ஞாபகத்தில்தான் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு ஆலயத்தின் கடமை ஒரு தனி மனுஷியின் ஞாபகத்தை நம்பி இருந்தது, தப்பு அங்கேதான். அதை அப்படியே விட்டு வச்ச நாம எல்லாரும் அதுக்குப் பொறுப்பு.

அப்புறம் செயலவையில் பேசி, இணையத்தில் ஒரு வேலைப் பட்டியல் தொடங்கினோம். டூடூயிஸ்ட் என்று ஒரு சேவை. என்ன வேலை, எந்த நாள், யார் பொறுப்பு என்று எழுதி வச்சா எல்லார் ஹேண்ட்போனிலும் தெரியும். முதல் இரண்டு வாரம் நல்லா போச்சு. மூணாவது வாரம் யாருமே திறந்து பார்க்கலை.

காரணம் தெரிஞ்சுக்க ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸிலேயே உட்கார்ந்து பார்த்தேன். நாலு ஜிபி நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர். அர்ச்சனைச் சீட்டு அடிக்கிற மென்பொருள் நாள் முழுக்கத் திறந்திருக்கணும். கூடவே உலாவியையும் திறந்தா எல்லாம் திக்கித் திணறுது. வெளியே வரிசை நிக்கும்போது அக்கா முதல்ல மூடறது உலாவியைத்தான். அவங்க இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. ஆக, பட்டியல் இருந்தது, ஆனா அது யார் கண்ணிலும் படலை. கண்ணில் படாத பட்டியலும் அந்த வாட்சாப் குழுவும் ஒண்ணுதான்.

அதுக்காகத்தான் இந்த மஞ்சள் பெட்டி. இணையத்தில் இருக்கிற பட்டியல்தான் அசல். இது அதுக்குத் துணையா மேசையில் நிக்கிற ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். மூணே வேலை செய்யும். இன்றைக்கும் அடுத்த மூணு நாளைக்கும் உள்ள வேலைகளைக் காட்டும். முடிஞ்சதை ஒரே தட்டில் முடிஞ்சதாகக் குறிக்கும். புது வேலையை ஒரே வரியில் சேர்க்கும். வைஃபை போயிடுச்சுன்னா கம்ப்யூட்டரிலேயே சேமிச்சு வச்சு, இணைப்பு வந்ததும் தானா அனுப்பிடும். தேதியை மாத்தறது, வேலையை அழிக்கிறது எல்லாம் இதில் முடியாது. வேணும்னேதான் வைக்கலை. அவசரத்தில் கை தவறி அழிஞ்சா இன்னொரு பாட்டிக்கு நாம பதில் சொல்லணும்.

என் ஆர்வக்கோளாறையும் சொல்லணும். முதலில் இதை எலக்ட்ரான் என்கிற கட்டமைப்பில் செஞ்சேன். பார்க்க அழகா இருந்தது. ஆனா எலக்ட்ரானில் செய்யற ஒவ்வொரு நிரலுக்குள்ளேயும் ஒரு முழு குரோமியம் உலாவியே உட்கார்ந்திருக்கும். பத்து வரிப் பட்டியலுக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல். உலாவி கனமா இருக்குன்னுதானே இந்த வேலையையே தொடங்கினோம்! அதை அப்படியே தூக்கிப் போட்டுட்டு, பைத்தானில் அதோடவே வர்ற டிகின்டரை வச்சுத் திரும்ப எழுதினேன். சேமிக்க எஸ்கியூலைட். அழகு குறைஞ்சது, கம்ப்யூட்டர் மூச்சு விட்டது. கோயிலுக்கு ஏதாவது செஞ்சு கொடுக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்பறது இதுதான்: உங்க லேப்டாப்பில் ஓடுதான்னு பார்க்காதீங்க. அக்காவோட கம்ப்யூட்டரில், வெள்ளிக்கிழமை சாயந்திரம், வரிசை நிக்கும்போது ஓடுதான்னு பாருங்க.

அடுத்து நான் செஞ்ச தப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்த வேண்டிய மாலை வியாழக்கிழமையே வந்து இறங்கிடுச்சு. பூக்காரர் மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை என்பதை என் நிரல் வெள்ளி நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கிட்டு, அதை உலகப் பொது நேரத்துக்கு மாத்தியிருக்கு. நம்ம மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னே. எட்டு மணி பின்னே போனா வியாழன் மாலை நாலு மணி. தேதி ஒரு நாள் சறுக்கிடுச்சு. இப்போ நாளை வெறும் நாளாகவே வச்சிருக்கேன், மணியோடு முடிச்சுப் போடறதில்லை. அன்றைக்கு மாலைக்கான பணம் என் கையிலிருந்து போனது, அது சரிதான்.

நாள் என்று வந்துட்டா இன்னொரு பெரிய விஷயம். இந்த மாதிரி சேவைகளில் 'ஒவ்வொரு வெள்ளியும்', 'ஒவ்வொரு மாதமும் முதல் தேதி', 'ஒவ்வொரு வருஷமும்' என்று போட்டுட்டா தானா வந்துக்கிட்டே இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு அது போதும். மத்ததுக்குப் போதாது. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. 'ஒவ்வொரு வருஷமும்' என்கிற பொத்தானை நம்பினா பால்குடம் எடுக்க ஆள் இருக்காது. பிரதோஷம், கிருத்திகை, சதுர்த்தி எல்லாமே திதியும் நட்சத்திரமும் பார்த்து வர்றது.

சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தை அப்படியே எழுதி வைக்கவும் முடியாது. நம்ம கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. சிலாங்கூர் பக்கம் சூரியன் மறையறது வருஷம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில், அதாவது இந்திய நேரப்படி ஐந்து மணியை ஒட்டி. சென்னையில் மாலை ஐந்தரைக்குத் திரயோதசி தொடங்கற நாளில், அங்கே அஸ்தமனத்துக்கு அந்தத் திதி வந்திருக்கும், இங்கே வந்திருக்காது. அதனால நாளை முடிவு பண்றது நிரல் இல்லை, நம்ம குருக்கள்தான். அவர் மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து கணிச்சுச் சொல்வார், ஒருத்தர் பட்டியலில் ஏற்றணும். "கம்ப்யூட்டர் வந்துட்டா பெரியவங்க எதுக்கு?" என்று கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். பெரியவங்க சொன்னதை நாம மறக்காம இருக்கத்தான் கம்ப்யூட்டர்.

இன்னொரு விஷயத்தில் நான் கறாரா இருக்கேன், சிலருக்கு அதில் வருத்தம். பட்டியலில் பக்தர்களின் சொந்த விவரம் எதையும் எழுதக் கூடாது. ஆரம்பத்தில் 'இன்னார் மகளுக்குப் புற்றுநோய், சிறப்பு அர்ச்சனை' என்று முழுப் பேரோடு எழுதிட்டாங்க. ஆபீஸுக்கு வர்றவங்க எல்லாரும் பார்க்கிற திரையில் அது தெரிஞ்சது. ஒருத்தர் அம்மன்கிட்ட சொல்ல வந்த கஷ்டத்தை நாம ஊருக்குச் சொல்லலாமா? இப்போ 'சிறப்பு அர்ச்சனை, ரசீது எண் இத்தனை' என்று மட்டும்தான். பேரும் நட்சத்திரமும் ரசீதுப் புத்தகத்தில் இருக்கு, குருக்கள் அதைப் பார்த்துக்குவார். நம்ம நாட்டில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்காக வந்தது. வியாபாரி காக்க வேண்டிய ரகசியத்தை ஆலயம் அதைவிடக் குறைவா காக்கலாமா?

கடைசியா, சாவி யார்கிட்ட இருக்கு என்கிற கேள்வி. இந்தப் பெட்டி இணையப் பட்டியலோடு பேச ஒரு ரகசியக் குறியீடு வேணும். அது யார் கையில் இருக்கோ அவங்க முழுப் பட்டியலையும் பார்க்கலாம், அழிக்கலாம். அதை நிரலுக்குள்ளேயோ ஒரு துண்டுத் தாளிலோ எழுதி வைக்காம, விண்டோஸின் கடவுச்சொல் பெட்டகத்தில் வச்சிருக்கேன். கணக்கும் என் பேரில் இல்லை, ஆலயத்தின் மின்னஞ்சலில் இருக்கு. அக்காவின் ஞாபகத்திலிருந்து எடுத்து என் லேப்டாப்பில் வச்சா, பழைய தப்பையே புதுசா செஞ்ச மாதிரி ஆயிடும்.

அந்தச் சேவையையும் முழுசா நம்பிட வேணாம். உண்டர்லிஸ்ட் என்று ஒரு வேலைப் பட்டியல் இருந்தது, நானும் அதைத்தான் வச்சிருந்தேன். 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கினது, 2020 மே 6ஆம் தேதி மூடிட்டாங்க. நாளைக்கு எதுவும் மூடலாம். அதனால ஒவ்வொரு ஞாயிறும் நம்ம பெட்டி முழுப் பட்டியலையும் எக்செல்லில் திறக்கிற மாதிரி ஒரு பிரதி எடுத்து வைக்கும். அக்கா அதை அச்சடிச்சு மடப்பள்ளிக் கதவில் ஒட்டிடுவாங்க. உண்மையைச் சொன்னா, மடப்பள்ளியில் எல்லாரும் பார்க்கிறது அந்தத் தாளைத்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, வேலை நடந்தா போதும்.

தினம் ஒரு கால பூஜை, மாதம் இரண்டு உபயம் என்று நடக்கிற சின்னக் கோயில்களுக்கு இது வேணாம். ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவுமே போதும். பெரிய விலை கொடுத்து 'முழு ஆலய நிர்வாக மென்பொருள்' வாங்கலாம் என்று செயலவையில் ஒரு பேச்சு வந்தது. அதுக்கும் எனக்கு அவசரம் தெரியலை. எதையெதை மறக்கிறோம் என்று முதலில் ஒரு வருஷம் பார்ப்போம். அதுக்குப் பிறகு எதை வாங்கணும் என்று நமக்கே தெரியும்.

உங்ககிட்ட நான் கேக்கறது இரண்டு. ஒண்ணு, நிரல் தெரிஞ்ச ஒரு இளைஞரோ இளைஞியோ என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கத்துக்கணும். நான் நாளைக்கு வேலை மாறி ஜொகூருக்குப் போனாலும் பெட்டி ஓடணும். இரண்டு, நிரல் ஒண்ணும் தெரியாத ஒருத்தர், மாதக் கடைசி ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் ஒரு மணி நேரம் குருக்கள் சொல்லச் சொல்லப் பட்டியலில் எழுதணும். இந்த இரண்டாவது ஆள்தான் ரொம்ப முக்கியம். அவர் இல்லைன்னா என் பெட்டி வெறும் மஞ்சள் பெட்டிதான்.

அந்தப் பாட்டியை யாராவது பார்த்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வருஷம் அவர் கணவரின் நினைவு நாள் பட்டியலில் ஏறியிருக்கு. பணம் எதுவும் வேணாம், வந்து நின்னா போதும். அடுப்பு காலையிலேயே எரிஞ்சுக்கிட்டிருக்கும்.

எல்லாருக்கும் அம்மன் துணை. ஓம் சக்தி. 🙏