மாமாவின் இரட்டைக் குழல்

ஆத்தூர் அத்தை வீட்டுக்குப் போனால் வெற்றிலை போடாமல் திரும்ப முடியாது. அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதா, அத்தையின் பெருமையைக் கேட்கவா வேண்டும்! ஆனால் சென்ற மாதம் போனபோது, அத்தை வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து நீளமாக ஒரு துணிச் சுருளை எடுத்து என் முன்னே வைத்தாள்.

காலஞ்சென்ற மாமாவின் துப்பாக்கி!

"பெரியவன் இதைச் சரிபண்ணி, புதுத் தோட்டா போட்டு வேட்டைக்குப் போவேங்கான். நீ படிச்ச பிள்ளைலா, சொல்லு" என்றாள்.

பார்வைக்குச் சாதாரண இரட்டைக் குழல்தான். ஆனால் ஒரு குழலின் உட்புறம் வழவழப்பு. மற்றதில் திருகு திருகாக வரிகள். ஒன்று பறவைக்கான ரவைத் தோட்டாவுக்கு. மற்றது தூரத்து மானுக்கான ஒற்றைக் குண்டுக்கு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செல்வாக்குப் பெற்றதால் இதற்கு 'கேப் கன்' என்று பெயர். எதிரே வரப்போவது கொக்கா, மானா என்று தெரியாத மனிதனுக்குச் செய்த ஏற்பாடு!

குழலின் மேல் கோரைப்பாய்ப் பின்னல் போல ஒரு சித்திரம். "என்ன வேலைப்பாடு பாரு!" என்றாள் அத்தை. வம்பே அந்த வேலைப்பாட்டில்தான். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்த டமாஸ்கஸ் குழல் அது. புகை கக்கும் பழைய கருமருந்துக்கென்று செய்தது. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்புவதற்கில்லை. ஒட்டின இடத்துக்குள் துரு இருந்தாலும் வெளியே தெரியாது. வெடித்தால், குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்குத்தான் முதல் ஆபத்து. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் கல்யாணப் பெண்ணாட்டம் மின்னும், வாஸ்தவம். அதனால் குழலுக்குப் பலம் வந்துவிடுமா?

வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அத்தான் எதைச் சுடுவார்? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது ஜெயிலுக்கு வழி. பக்கத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்காக 1987 முதல் சரணாலயமே இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. "லைசென்ஸ் எங்கே, அத்தை?"

"அதான் மாமா பேர்ல இருக்கே!"

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லைசென்ஸ் மனிதருக்குத்தான்; குடும்பத்துக்கு அல்ல. அவர் காலமானால், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு தம் பேரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத புராதன ஆயுதத்துக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. மாமாவுடையது பழுது பார்த்தால் சுடும்! ஆகவே அந்தச் சலுகையும் இல்லை.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே இருவரும் கொண்டுபோய் ஒப்படைத்தோம். மாமாவின் பழைய வேஷ்டியிலேயே சுற்றித்தான் கொடுத்தனுப்பினாள் அத்தை. ரசீதை வாங்கி வந்து நீட்டியபோது, இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேஷ்டியைத் திருப்பித் தருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.