கேளாச் செவிகளுக்கு யார் துணை?

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைத் தொட வகையற்றவனும் பிறர் சொல்லக் கேட்டு அறிவுடையவனாகலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால், அந்தக் கேள்விக்கு வாயிலாகிய செவியே அடைபட்டுவிட்டால் அவன் கதி என்ன? இக்கேள்வியை எமது சமுதாயம் போதிய அக்கறையோடு கேட்டதுண்டா?

செவி கேளாது பிறந்த குழந்தையின் நாவில் பழுதொன்றும் இல்லை. தாயின் குரல் அதன் காதில் விழாத காரணத்தினாலேயே பேச்சு வராது போகிறது. ‘ஊமை’ என்று ஊரார் முத்திரை குத்திவிடுகிறார்கள். பெற்றோரோ நேர்த்திக்கடன் வைத்து ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் செவியைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை நிச்சயித்து, ஆறு மாதத்துக்குள் பரிகாரம் தொடங்கவேண்டும் என்பது இன்று வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட நியதி. உறங்கும் சிசுவின் காதில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, உட்செவி திருப்பி அனுப்பும் எதிரொலியை அளந்தறியும் முறை 1978ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. இச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காமையால் ஒரு பிள்ளையின் வாழ்வு முழுவதும் இருண்டுபோவது நியாயமாகுமா?

உலகில் 150 கோடி மக்கள் ஓரளவேனும் செவிப்புலன் குறைந்தவர்கள் என்றும், அவர்களுள் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ பயிற்சியோ இன்றியமையாதது என்றும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சிறுவரிடையே காணப்படும் செவிட்டுத்தன்மையில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடியது என்றும் அந்நிறுவனம் கூறியது. கர்ப்பிணியைப் பீடிக்கும் ருபெல்லா நோய், கவனியாது விடப்பட்ட காதுச் சீழ், மூளைக்காய்ச்சல், சில மருந்துகளின் தீய விளைவு ஆகியன இதற்குக் காரணங்கள். நெருங்கிய இரத்த உறவில் விவாகஞ் செய்யும் எமது வழக்கமும் பரம்பரைச் செவிட்டுத்தன்மைக்கு இடமளிக்கிறது. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் ஷெல் ஓசையைக் கேட்ட காதுகளையும் மறந்துவிட முடியாது.

கமக்காரரும் இதனைக் கவனிக்கவேண்டும். 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்பது காதுக்குக் கேடு. ஓசை மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் தாங்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். உழவு இயந்திரத்திலும் சூடடிக்கும் இயந்திரத்தின் அருகிலும் நாள் முழுதும் நிற்பவன், தன் செவியைச் சிறிது சிறிதாக விலையாகக் கொடுக்கிறான். காலில் முள் தைத்தால் நோகிறது. செவி மங்கும்போதோ நோவதில்லை. அதனாலேதான் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.

இக்குறையை அளந்தறிந்து பரிகாரம் காண்பதற்கென்றே ஒரு தனிக்கல்வி உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்திலிருந்து செவி மங்கித் திரும்பிய போர்வீரருக்கு உதவப் புகுந்த முயற்சியிலேதான் அமெரிக்காவில் இத்துறை உருப்பெற்றது. இந்தியா 1965இல் மைசூரில் இதற்கென ஒரு பெரிய நிறுவனத்தையே நிறுவிற்று. எமது நாட்டிலும் களனிப் பல்கலைக் கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில், பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானங்களுக்கான நான்காண்டுப் பட்டப் படிப்பு 2008இல் ஆரம்பமாயிற்று. செவியின் அமைப்பு, ஒலியின் இயல்பு, மொழியியல், உளவியல் ஆகியவற்றோடு நோயாளரிடையே நேரடிப் பயிற்சியும் இக்கல்வியில் அடங்கும். சத்திரசிகிச்சை செய்பவர் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர். செவி எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, ஏற்ற கருவியைத் தேர்ந்து பொருத்தி, அதனோடு வாழப் பழக்குபவர் செவிப்புலன் நிபுணர். கடையில் வாங்கும் கருவி எல்லாக் காதுக்கும் பொருந்திவிடாது.

எமது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை டாக்டராகவேண்டும், அன்றேல் எஞ்சினியராகவேண்டும் என்ற ஆசையில், சில புள்ளிகள் குறைந்தமைக்காக இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் உயர்தரப் பரீட்சைக்கு அனுப்புகிறீர்கள். இளமையின் நல்ல ஆண்டுகள் அதிலே கழிந்துவிடுகின்றன. செவிப்புலன் கல்வியை மருத்துவத்துக்குத் தவறியவர் ஒதுங்கும் திண்ணையாக எண்ணாதீர்கள். நாடு முழுவதிலுமே இத்துறையினர் போதாதிருக்கையில், இதனைக் கற்றவனுக்கு வேலையும் உண்டு. ஊரவர் நன்றியும் உண்டு.

இதில் மொழியும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒலியை மட்டும் எழுப்பிச் செய்யும் சோதனைக்கு மொழி தேவையில்லை. ஆனால், ஒருவர் பேச்சை எவ்வளவு பிரித்துணர்கிறார் என்பதை அவருடைய சொற்களைக் கொண்டே அளக்கவேண்டும். ‘பட்டு’ என்றதும் ‘பத்து’ என்றதும், ‘கல்’ என்றதும் ‘கள்’ என்றதும் வேறுவேறாகக் கேட்கின்றனவா என்று முல்லைத்தீவிலுள்ள மூதாட்டியிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வினவ முடியுமா? செவி திறந்த பிள்ளைக்கு முதற் சொல்லைப் பழக்குவதும் தாய்மொழியிலேயே நடைபெறவேண்டும். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அந்த எழுத்து, வைத்தியசாலையின் சோதனை அறைக்குள்ளும் உயிர்பெறவேண்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. தமிழ்ப் பிள்ளைகள் இப்பட்டத்துக்கு விரும்பி விண்ணப்பிக்கவேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா வைத்தியசாலைகளில் இம்மாணவர் தமிழ் நோயாளரிடையே பயிற்சி பெறவும், பட்டம் பெற்றபின் அங்கே கடமையாற்றவும் சுகாதார அமைச்சு வழிசெய்யவேண்டும். எமது மொழியறிஞரும் வைத்தியரும் கூடி, ஈழத்துப் பேச்சுக்கேற்ற சோதனைச் சொற்பட்டியல்களை ஆக்கி முறைப்படுத்தவேண்டும்.

கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற நிலையங்கள், செவி கேளாப் பிள்ளையும் கல்வி கற்கும் என்பதைப் பல்லாண்டுகளாக நிரூபித்து வந்திருக்கின்றன. ஆசிரியர்கள் தம் கடமையைச் செய்தார்கள். அப்பிள்ளை பாடசாலை வாயிலை அடையுமுன், தொட்டிற் பருவத்திலேயே அதற்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் எமது ஒவ்வொரு கிராமத்திலும் இன்று பாடசாலை வகுப்பில் அமர்ந்திருக்கிறான், அமர்ந்திருக்கிறாள். அவர்களுக்கு இவ்வழியைக் காட்டுவது பெற்றோரதும் ஆசிரியரதும் பொறுப்பு.