உறக்கம் அளக்கும் கடிகாரங்கள்: எங்கள் நிலைப்பாடு

உறக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களும் உறக்க ஆய்வுக்கூடப் பணியாளர்களும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. "டீப் ஸ்லீப் குறைவா காட்டுது டாக்டர்" என்று கைபேசியை நீட்டுவோர் பெருகிவிட்டதால் எங்கள் கருத்தைப் பொதுவில் வைக்கிறோம்.

எத்தனை மணிக்குப் படுக்கிறோம், எழுகிறோம், மாதக்கணக்கில் உறங்கும் நேரம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க ஸ்மார்ட் வாட்ச் உதவும். அந்தக் குறிப்புகளோடு வருவோரை வரவேற்கிறோம். ஆனால் அது காட்டும் ஆழ்ந்த உறக்கக் கணக்கையோ உறக்க மதிப்பெண்ணையோ நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் சான்றாக நாங்கள் ஏற்பதில்லை.

உறக்கத்தின் நிலைகளை முதன்மையாகக் காட்டிக்கொடுப்பது மூளையின் மின்னலைகள். ஆய்வுக்கூடத்தில் அவற்றோடு கண்ணசைவு, தாடைத் தசையின் இறுக்கம், மூச்சு எல்லாம் பதிவாகும். பயிற்சி பெற்றவர் அதை 30 வினாடித் துண்டுகளாகப் பார்த்து மதிப்பிடுவார். அப்படியும் இருவர் மதிப்பீடு முழுதும் ஒத்துப்போவதில்லை. கடிகாரமோ கையசைவையும், தோலுக்குள் பாயும் பச்சை ஒளியில் தெரியும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. தூங்குபவரைத் தூங்குகிறார் என்று சொல்வதில் கெட்டிதான். விழித்திருப்பவரிடம்தான் சறுக்குகிறது. தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்தபடி அசையாது கிடப்பவரையும் உறங்கியவராக எழுதிவிடும். அதாவது, உண்மை நிலவரம் யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமே பிழை அதிகம்.

2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு புதுத் தொல்லைக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். ஆய்வுக்கூடப் பதிவு நன்றாக இருந்தும் கைப்பட்டையையே நம்பி, நல்ல எண்ணைத் துரத்தித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது அது. இப்படிப்பட்டவர்களிடம் சில வாரங்கள் கடிகாரத்தைக் கழற்றிவைக்கச் சொல்கிறோம்.

நாடித்துடிப்பு எச்சரிக்கையை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். 4,19,297 பேர் பங்கேற்ற ஆப்பிள் ஆய்வில் சுமார் 0.5 விழுக்காட்டினருக்கே சீரற்ற துடிப்பு என்ற அறிவிப்பு வந்தது. அவர்களில் பின்னர் ஈசிஜி பட்டை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தென்பட்டது. இந்தத் துடிப்புக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால், பட்டையில் தென்படாததாலேயே அறிவிப்பு பொய் என்று ஆகிவிடாது. எச்சரிக்கை வந்தால் ஈசிஜி எடுங்கள், பதற வேண்டாம்.

கடிகாரம் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவியே வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம்மவர் தோல் நிறங்களில் சோதித்த முடிவுகளை விற்பனையாளர்கள் வெளியிட வேண்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்தையோ மோதிரத்தையோ பார்த்து இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

உறக்கத்தில் மூச்சு தடைபடுவதைச் சுட்டும் வசதிக்கு சாம்சங், ஆப்பிள் இரண்டும் அதே ஆண்டில் அங்கே அனுமதி பெற்றன. நல்ல தொடக்கம். ஆனால் அறிவிப்பு வராததை 'நோய் இல்லை' என்று படிக்கக் கூடாது. உரத்த குறட்டை, மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்வது, வண்டி ஓட்டும்போது கண் செருகுவது ஆகியவை இருந்தால், கடிகாரம் தொண்ணூறு மதிப்பெண் தந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

உற்பத்தியாளர்களிடம் எங்கள் கோரிக்கை: 'இது மருத்துவக் கருவி அல்ல' என்ற வரியைப் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழிலும், விளம்பர வாசகத்தின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள்.