உழைப்பே உயர்வு: யாருக்கு?

"உழைப்பே உயர்வு." தமிழ்ப்பள்ளிகளில் அடிக்கடி கட்டுரைத் தலைப்பாக வரும் தொடர் இது. நானும் இதனைப் பலகையில் எழுதி, "உழைப்பவன் உயர்வான், சோம்பேறி ஏழையாவான்" என்று மாதிரிக் கட்டுரையை முடித்துக் கொடுத்தவன்தான். இப்பொழுது அந்த முடிவு வரியை எழுதக் கை கூசுகிறது.

காரணம், எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மையார். பன்னிரண்டு ஆண்டுகளாக, நாங்கள் வருமுன்பே வந்துவிடுகிறார். இதற்குள் துப்புரவுக் குத்தகை நால்வர் கைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் 'புதிய' பணியாளர். பழைய ஆண்டுகள் கணக்கில் இல்லை. அரசாங்கம் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் மட்டுமே அவர் சம்பளம் உயரும். அவருடைய பேரன் என் வகுப்பில்தான் படிக்கிறான். சோம்பேறி ஏழையாவான் என்ற வரியை அவன் எப்படி எழுதுவான்?

குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடப்புக்கு வந்தது. 2025இல் 1,700 வெள்ளியானது. 26 நாள் வேலைக்கு இதனைப் பகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்றே அதிகம். இதைக் கொடுத்தாலே தொழில்கள் மூடப்படும், விலைவாசி ஏறும் என்று ஒவ்வொரு முறையும் அச்சுறுத்தினார்கள். ஆனால் 2025இல் நாட்டின் வேலையின்மை விகிதம் 3 விழுக்காட்டளவிலேயே இருந்தது. சிறுகடைக்காரர்களுக்குச் சுமை உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு அரசாங்கம் தோள்கொடுக்கட்டும். அதற்காகத் தொழிலாளியின் வயிற்றைச் சுருக்குவது நியாயமாகாது.

ஆசிரியப் பெருமக்களே, ஒன்று கேட்கிறேன். 2024 டிசம்பரில் அரசு ஊழியர் சம்பளம் உயர்ந்தபோது நாம் மகிழ்ந்தோம். "நம் சம்பளம் ஏறினால் விலைவாசியும் ஏறுமே" என்று ஆசிரியர் அறையில் எவரேனும் கவலைப்பட்டோமா? நமக்கு வந்தால் உரிமை, அந்த அம்மையாருக்கு வந்தால் பொருளாதாரச் சிக்கலா?

அடுத்த வாதம், ஏழைகள் வரி கட்டுவதில்லை என்பது. வருமான வரி கட்டுமளவுக்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தால்தானே கட்டுவார்கள்! ஆயினும் விற்பனை வரி, சேவை வரி வழியாக அவர்களும் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை 6 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி இருந்தபோதும் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே விகிதம்தான்.

மறுபக்கம் பாருங்கள். மரபுரிமை வரி 1991ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. பங்குச் சந்தையில் பங்குகளை விற்று இலாபம் காணும் தனிமனிதர் அந்த இலாபத்துக்கு வரி செலுத்துவதில்லை. இலாப ஈவுக்கு 2025இல்தான் 2 விழுக்காடு வரி வந்தது. அதுவும் 100,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே. நிறுவனம் முன்னரே வரி கட்டிவிட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டனார் விட்டுச்சென்ற கோடிகளைப் பெறும் பேரன் எந்த உழைப்பால் உயர்ந்தான்?

நியாயமான கூலி நம் சமுதாயத்துக்குப் புதிய கோரிக்கையன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அவர்கள் உழைக்காதவர்களா? விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள்! அவர்கள் உழைப்பால் உயர்ந்தது யாரென்று நமக்குத் தெரியும்.

பிள்ளைகளை உழைக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. உழைப்புக்கு உரிய கூலி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். பெற்றோர்களே, உங்கள் வறுமைக்கு நீங்களே குற்றவாளி என்று உங்கள் பிள்ளையின் கட்டுரை சொன்னால், அந்த வரியை அடித்துவிட்டு ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

இனி என் மாதிரிக் கட்டுரை வேறு மாதிரி முடியும்.