மனுவும் லீவில் போகுது! கூலி நஷ்டம் யார் கணக்கில்?

எருமப்பட்டி,

சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1-ல். அதுவரை எருமப்பட்டிக்காரருக்கு கலெக்டர் ஆபீஸ் என்றால் சேலம்தான். போய் வந்தால் ஒரு நாள் காலி. இப்போது பக்கத்தில் நாமக்கல். வருமானச் சான்று மனுவை இ-சேவை மையத்திலேயே போட்டுவிடலாம்.

தூரம் குறைந்தது, மேசை?

கம்ப்யூட்டரில் போனாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று அதே மேசைகளைத்தான் மனு சுற்றுகிறது. ஒருவர் லீவு என்றால் மனுவும் லீவு! "என்னங்க ஆச்சு?" என்று விசாரிக்கப் போகும் கோழிப்பண்ணைத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. சான்றுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். அடுத்த வருஷமும் இதே நடை. ஆபீசில் சிக்கனம் என்றால் பேன், லைட், ஜீப் டீசல் கணக்குத்தான். இந்தக் கூலி எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

மத்தியப் பிரதேசம் 2010-லேயே சட்டம் போட்டது. கெடு தாண்டினால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5 ஆயிரம் அபராதம். அதிலிருந்து மனுதாரருக்கு இழப்பீடும் தரலாம். பீகார், கர்நாடகம், கேரளமும் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தன.

அபராதம் மட்டும் போட்டால் ஆச்சா? 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரே வி.ஏ.ஓ. இரண்டு கிராமம் பார்த்தால் அவர்தான் என்ன செய்வார்? காலி இடத்தை நிரப்பாத மேலிடத்துக்கும் அந்த 250 ரூபாயில் பங்கு உண்டு.