ஈரப் புத்தகத்துக்கு இரண்டு நாள்



மழைக்காலம் வந்துவிட்டது. ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் இருக்கும் கிளை நூலகங்களை நினைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. கரையோரம் இருந்த தேசிய மைய நூலகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் பாழ்பட்டன. எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று, சேறு அப்பிய புத்தகங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். புகையிலை உலர்த்தும் கூடங்களில்கூட அவற்றைக் காயவைத்தார்கள். நனைந்த நூல்களை மீட்பது பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

தண்ணீர் வடிந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஈரத்தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால், நூலகருக்கு அப்போது வேண்டியது ஆள். நனைந்த புத்தகத்தை விரித்துப் பார்க்காதீர்கள், தாள் கிழியும். சுள்ளென்ற வெயிலிலும் போடாதீர்கள். நிழலில் நிறுத்திவைத்து மின்விசிறிக் காற்றுப் படவிடுங்கள். இந்த இதழைப் போன்ற வழவழப்பான தாள்தான் மோசம். ஈரத்தோடு காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அன்றைக்கே கவனிக்க முடியாதவற்றை உறைநிலைக் குளிரில் வைத்தால் பூஞ்சை வளராது. பக்கத்தில் மீன் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கு இருந்தால் அதன் உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நம்மில் பலர் செய்ய நினைப்பது, வீட்டிலிருக்கும் பழைய புத்தகங்களை மூட்டையாகக் கட்டி அனுப்புவது. நல்ல மனசுதான். ஆனால், அலமாரியே ஊறிக் கிடக்கும்போது அந்த மூட்டையை நூலகர் எங்கே வைப்பார்? முதலில் அவரிடம் பேசுங்கள். பணமாகத் தர விரும்பினால் புரவலராகச் சேருங்கள். ஏற்கெனவே சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அது நம் நூலகம்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் பரணில் தேடிப் பாருங்கள். அச்சில் இருக்கும் நாவலை மறுபடி வாங்கிவிடலாம். உங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர், பள்ளியின் பொன்விழா மலர், உள்ளூர்க் கவிஞர் கைக்காசு போட்டு அச்சிட்ட தொகுப்பு இவையெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காது. நூலகப் பிரதி நனைந்துபோயிருந்தால், உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். கொடுக்க மனம் வராவிட்டால் நகலெடுத்தாவது கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்