ஆறு வயதுக்குள் என்ன அவசரம்?

தீபாவளி கழிந்து நாலு வாரம் ஆனால் போதும். மும்பையில் சிறு பிள்ளை உள்ள வீடுகளில் பெற்றோருக்குத் தூக்கம் கெடத் தொடங்கிவிடும். மாதுங்காவின் அடுக்குமாடியானாலும் சரி, தாராவியின் ஒற்றை அறையானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். "பையனுக்கு மூணு வயசு ஆகப் போகுதே, எந்த நர்சரியில போடப் போறீங்க?" பதில் சொல்ல முடியாத தகப்பனார் ஏதோ குற்றம் செய்தவரைப் போலத் தலை குனிகிறார்.

அப்புறம் ஏலச் சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுக்கிறார். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. கட்டணம், சீருடை, ஷூ, வேன் கூலி, நன்கொடை என்று குமாஸ்தாவின் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழுகிறது. இத்தனைக்கும் பிறகு அந்தக் குழந்தை வீட்டுக்கு என்ன கொண்டு வருகிறது? ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதிவரச் சொல்லும் நோட்டுப் புத்தகம். இரவு எட்டு மணிக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்க, தாயார் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் அடிஸ்கேலுமாக உட்கார்ந்து, தூங்கி விழும் குழந்தையை எழுப்பி எழுதவைக்கிறார். யாரைக் கோபிப்பது? அந்தத் தாயாரும் பாவம்தான்.

மூன்று வயதில் பள்ளிக்கூடம் போகாவிட்டால் சட்டப்படி ஏதும் குற்றமா? இல்லவே இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. முதல் வகுப்பில் சேர 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகமே 2023 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ, 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தில் விளையாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்த விளையாட்டுக்கு வீடும் போதும்.

இந்தச் சுமை புதிதும் அல்ல. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல், பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி மனம் நொந்து பேசினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் திணிப்பதை வன்முறை என்றே அது சொல்லிற்று. நர்சரிக்கு நேர்முகத் தேர்வு வைப்பதை ஒழிக்கச் சொல்லிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்கேல் இன்னும் அடுப்பங்கரையில் இருக்கிறது.

குழந்தையின் உடம்பே வேறு கணக்கு வைத்திருக்கிறது. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு; ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகின்றன. 3 வயதில் அந்த வேலை பாதிகூட முடிந்திருப்பதில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, 'கோட்டுக்குள் எழுது' என்றால் எப்படி எழுதும்? அதே கை சப்பாத்தி மாவைப் பிசையும், பட்டாணி உரிக்கும், கீரை ஆயும், நனைந்த துணியைப் பிழியும். எழுதுவதற்கான பலம் இந்த வேலைகளில்தான் வருகிறது. பின்லாந்தில் பிள்ளைகள் முதல் வகுப்பில் உட்காருவதே 7 வயதில்தான். அந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

இதைக் கேட்டதும் சிலர் வேறு தவறு செய்கிறார்கள். 'சரி, வீட்டிலேயே கற்பிப்போம்' என்று கரும்பலகை வாங்கி மாட்டி, பத்து மணிக்கு ஆங்கிலம், பதினொன்றுக்குக் கணக்கு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தின் தொல்லையை அறைக்குள் இழுத்து வந்ததைத் தவிர இதில் என்ன லாபம்? வீட்டில் கற்பது என்றால் வீட்டு வேலையோடு கற்பது. தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பங்களில், தட்டிலிருந்து இட்லியை எடுத்துக் கூடையில் அடுக்கும் நாலு வயதுப் பெண்ணுக்கு எண்ணிக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெஸ்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் மராத்தி எண்ணும் ஆங்கில எண்ணும் தாமாகவே கண்ணில் படிகின்றன. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 14 வட்டம் போட்டு, வட்டத்துக்கு 5 புளியங்கொட்டை வைத்தால் பல்லாங்குழி தயார். கூட்டலும் கழித்தலும் பகிர்வும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சலித்துப் போய்ப் பாதியில் எழுந்து ஓடினால் ஓடட்டும். நாளைக்கு வரும்.

தகப்பனாருக்கும் இதில் பங்கு உண்டு. ஷிப்ட் முடிந்து, லோக்கல் ரயிலில் நசுங்கி வந்தவரிடம் பாடம் நடத்தச் சொல்வது நியாயம் அல்ல. ஊர்க் கதை ஒன்று சொல்லலாம், விடுகதை ஒன்று போடலாம். பத்து நிமிஷம் போதும்.

பேச்சுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நர்சரியில் சேர்த்த முதல் மாதமே, "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று டீச்சரம்மா சொல்லி அனுப்புகிறார். பெற்றோரும் தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் 'கம், சிட், ஈட்' என்று ஆரம்பிக்கிறார்கள். தெருவில் மராத்தியும் இந்தியும் யாரும் தடுக்காமலே வந்துவிடும். ஆங்கிலம் பள்ளியில் வரும். தமிழ் வருவதற்கு இந்த ஊரில் அந்த ஒரு அறையை விட்டால் வேறு இடம் ஏது? வாரக் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து ஆச்சி போனில் கூப்பிடும்போது, பேரப்பிள்ளை 'ஹலோ'வோடு நின்றுகொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் ஆச்சி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அம்மாகிட்ட குடு" என்கிறார். இதற்காகவா வளையலை அடகு வைத்தார்கள்?

எல்லாம் சரி, பெரிய தனியார் பள்ளிகள் நர்சரியிலேயே இடங்களை நிரப்பிவிடுகின்றனவே, ஆறு வயதில் போய் நின்றால் கதவைச் சாத்திவிடுவார்களே என்று கேட்கலாம். இந்தப் பயம் பொய்யல்ல. அந்தப் பள்ளிதான் வேண்டும் என்று தீர்மானித்து, கடன் இல்லாமல் கட்டவும் முடிந்தவர்கள் சேர்க்கட்டும். ஆனால் மதியம் திரும்பி வந்த குழந்தைக்கு வீட்டிலாவது விடுதலை கொடுக்கட்டும். எழுத்து நோட்டு காலியாகப் போனால் போகட்டும். மூன்று வயதில் யாரும் பெயில் ஆனதில்லை. முடியாதவர்களுக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்.கே.ஜி. படிக்கவில்லை என்பதற்காக, 6 வயது நிறைந்த பிள்ளையை மாநகராட்சிப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. தமிழ் வழிப் பள்ளிகளையும் மும்பை மாநகராட்சி நடத்துகிறது.

தாயார் வேலைக்குப் போகும் வீடுகளின் கதை வேறு. குழந்தையிடம் போனைக் கொடுத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் சூட்டக் கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பத்துக்குப் பத்து அறையில் எங்கே ஓடும்? இத்தகைய வீடுகளுக்குத்தான் அங்கன்வாடி.

அந்தப் பெயருக்கே இந்த மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. தாராபாய் மோடக் என்ற அம்மையார், உடன் அனுதாய் வாக்குமாக, 1945 முதல் போர்டியிலும் பிறகு கோஸ்பாட்டிலும் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக உழைத்தார். மணி அடித்தும் பிள்ளைகள் வரவில்லை என்றதும், குடிசை முற்றத்துக்கே பாடத்தைக் கொண்டு போனார். கூழாங்கல்லும் இலையும் சிப்பியும்தான் அங்கே சாதனங்கள். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்' என்று பெயர். 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கும் அங்கன்வாடி என்றே பெயர் வந்தது. கோஸ்பாட் மும்பையிலிருந்து வடக்கே, தகாணு பக்கத்தில்தான் இருக்கிறது.

பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களும் அங்கன்வாடியில் பெயரைப் பதிந்து வைப்பது நல்லது. எடை பார்ப்பார்கள், சத்துணவு கிடைக்கும், தடுப்பூசி தவறினால் நினைவுபடுத்துவார்கள். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுத் தொலைத்துவிடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். ஆறு வயதில் பள்ளி வாசலில் கேட்பது அவற்றைத்தான்.